மேப்பிள் கொட்டிலுக்கு எந்த லைற்?

பின்வளவில் மேப்பிள் மரச் சாற்றைச் சிரப்பாக, அதாவது இனிப்புப் பாகாக, காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் இருட்டில்தான் காய்ச்சுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போய், பகலில் பூச்சியத்துக்கு மேலே ஏறுகிற நாட்களில்தான் மரம் சாறு விடும். தெற்கு ஒன்ராறியோவில் அது பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. காலையில் மரம் இன்னும் உறைந்து நிற்கும். சாறு நன்றாக ஓடுவது மதியத்துக்குப் பிறகுதான். வேலையால் வந்து, வாளிகளைச் சேர்த்து, அடுப்பை மூட்டும்போது பொழுது சாய்ந்துவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றும் வரை ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. நாளைக்குக் காய்ச்சலாம் என்று விட்டால் சாறு மெல்லமெல்லக் கெடும், அதிலிருந்து வரும் சிரப்பும் கறுத்துப்போகும். அதனால் அன்றைய சாற்றை அன்றைக்கே அடுப்பில் ஏற்றத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஏற்றினால் சும்மா அரை மணியில் இறக்கிவிடவும் முடியாது. 86 என்ற எண்ணைச் சாற்றிலுள்ள சீனியின் வீதத்தால் வகுத்தால், ஒரு லீற்றர் சிரப்புக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்று கிடைக்கும். மேப்பிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. நல்ல சீனி மேப்பிள் மரத்தின் சாற்றில் 2 வீதம் சீனி இருக்கும். ஆகவே 43 லீற்றர். அதில் 42 லீற்றர் தண்ணீர் நீராவியாகிக் கூரையால் போகவேண்டும். சாறு காய்ச்சும் கொட்டிலில் லைற் போடுகிற கதை முழுவதும் இந்த நீராவியைச் சுற்றித்தான் இருக்கிறது.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது கொட்டில் ஏற்கெனவே பின்னால் நின்றது. 12 அடிக்கு 16 அடி, தகரக் கூரை, முகட்டில் நீராவி போவதற்குத் திறந்து மூடுகிற சின்னக் கூண்டு. உள்ளே 2 அடிக்கு 4 அடி விறகடுப்பு, அதன்மேல் இரண்டு தட்டுகள். பின்தட்டில் சாறு கொதித்து வற்றி முன்தட்டுக்கு வரும், முன்தட்டில் சிரப்பாகும். முந்திய சொந்தக்காரர் தட்டுக்கு நேர் மேலே ஒரு வெறும் குண்டு பல்பும், கூரையடியில் இரண்டு பழைய ரியூப் லைற்றும் போட்டிருந்தார். அந்த மூன்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். ஏன் கழற்றவேண்டும் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே அமைப்பை நிறையக் கொட்டில்களில் பார்க்கிறேன்.

குண்டு பல்பு எரியும்போது அதன் கண்ணாடி நெருப்பாய்ச் சுடும். மேலே தகரக் கூரை வெளிக்குளிரில் பனிக்கட்டியாய் இருக்கும். நீராவி அங்கே போய்த் துளியாகித் திரும்பவும் சொட்டும். குளிர்ந்த துளி சுட்ட கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி வெடிக்கலாம். கீழே இருப்பது திறந்த தட்டு, உள்ளே பிள்ளைகள் குடிக்கப்போகிற சிரப். கண்ணாடித் தூள் விழுந்த தட்டை வடிகட்டிச் சரிப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முழுவதையும் ஊற்றத்தான் வேண்டும். ரியூப் லைற்றில் கண்ணாடியோடு பாதரசமும் இருக்கிறது. உணவுக்கு மேலே இருக்கும் விளக்குகள் உடைந்து சிதறாதவையாகவோ மூடி போட்டவையாகவோ இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவின் மாதிரி உணவு விதியிலேயே இருக்கிறது. விற்பனைக்குச் செய்யாத வீட்டுக் கொட்டிலை யாரும் வந்து சோதிக்கப்போவதில்லைத்தான். ஆனாலும் நான் அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ரியூப் லைற்றில் இன்னொரு கரைச்சல், அது குளிருக்குச் சரிவராது. அறைச் சூட்டில் எரியச் செய்யப்பட்ட பொருள் அது. மைனஸ் பத்தில் சுவிச்சைப் போட்டால் மினுங்கி மினுங்கி, நுனி மட்டும் சிவந்து, முழு வெளிச்சத்துக்கு வர நெடுநேரம் எடுக்கும். எல்ஈடி இதற்கு நேர்மாறு. குளிர் அதற்கு நல்லது, போட்டவுடன் எரியும். வெக்கைதான் அதற்கு ஆகாது. அதன் உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற ட்ரைவர் என்ற பாகம் சூட்டில் சீக்கிரம் பழுதாகும். பெட்டியில் பார்த்தால் சுற்றுச் சூடு 40 அல்லது 45 பாகை வரைதான் என்று எழுதியிருப்பார்கள். கொதிக்கிற தட்டுக்கு நேர் மேலே கூரையடியில் அந்த அளவைத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

வயரிங் செய்ய ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி வந்தார், லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன். எத்தனை லைற் வேண்டும், எத்தனை வாற்ஸ் என்று ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, எத்தினை லைற் எண்டதைப் பிறகு பாப்பம். இதுக்குள்ள நீங்கள் எங்கை நிண்டு என்னத்தைப் பாக்கப் போறியள், அதைச் சொல்லுங்கோ."

இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். யோசித்துப் பார்த்தால், கொட்டிலுக்குள் நாம் பார்க்கவேண்டியவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தட்டில் சாறு எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று பார்க்கவேண்டும், அது ஒரு அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் தட்டு எரிந்துபோகும். முன்தட்டில் குமிழி எப்படி மாறுகிறது, நுரை ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். அகப்பையைத் தூக்கிப் பாகு எப்படி விழுகிறது என்று பார்க்கவேண்டும். பாகின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீற்றர் என்ற மிதவைக் கருவியில் மயிரிழைக் கோடு ஒன்றை வாசிக்கவேண்டும். கடைசியில் போத்தலில் நிறத்தையும் தெளிவையும் பார்க்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து வரவேண்டும். கூரை நடுவில் எவ்வளவு பெரிய லைற்றை மாட்டினாலும் இவற்றில் ஒன்றுகூட ஒழுங்காகத் தெரியாது.

ஏன் தெரியாது என்றால் நீராவி. இந்த அளவு அடுப்பு நன்றாகப் பிடித்து எரிந்தால் மணிக்கு 40, 50 லீற்றர் தண்ணீர் ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடத்தை அடைக்கும். அப்படியானால் 50 லீற்றருக்கு 80 கனமீற்றருக்கு மேல். எங்கள் கொட்டிலின் மொத்தக் கொள்ளளவே 50, 55 கனமீற்றர்தான். முகட்டுக் கூண்டு திறந்திருந்தாலும், காற்றில்லாத ஈரமான இரவில் மேல்பாதி முழுக்க வெள்ளையாய் நிற்கும். அதற்கு மேலிருந்து லைற் அடித்தால், பனிமூட்டத்தில் காரின் பெரிய லைற்றைப் போட்ட மாதிரித்தான். வெளிச்சம் முழுவதும் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். அதிக வாற்ஸ் போடப்போட வெள்ளைச் சுவர்தான் இன்னும் தடிக்கும்.

ஆகவே பொது வெளிச்சத்தை இரண்டு நீளச் சுவர்களுக்குக் கொண்டுபோனோம். 4 அடி நீளமான எல்ஈடி, நீராவி புகாமல் ரப்பர் வளையத்தோடு மூடிய வகை, மேல்மூடி பொலிகாபனேற் பிளாஸ்ரிக். ஒரு சுவருக்கு ஒன்று. நிலத்திலிருந்து ஏழு அடி உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கிச் சரித்து. நீராவி தட்டிலிருந்து நேரே மேலே முகட்டுக்குப் போகிறது. சுவரோரமும், தோளுயரத்துக்குக் கீழேயும் காற்று பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் கதவிடுக்கால் வரும் குளிர்காற்று கீழால்தான் அடுப்பை நோக்கிப் போகிறது. வெளிச்சம் அந்தத் தெளிந்த காற்றுக்குள்ளால் பக்கவாட்டில் தட்டுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் இருப்பதால், நான் எந்தப் பக்கம் நின்றாலும் என் நிழல் தட்டை மறைக்காது. ஒரு பக்கம் மட்டும் போட்டால், சிரப் இறக்குகிற நேரத்தில் இறக்குகிறவரின் முதுகு வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் மிக அவசியமான நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அளவுக் கணக்கு பெரிதாக இல்லை. நான் சொன்ன அந்த உணவு விதி கைகழுவுகிற, பாத்திரம் கழுவுகிற இடங்கள் போன்றவற்றுக்கு 215 லக்ஸும், உணவைக் கையாளும், கத்தி, இயந்திரம் பாவிக்கும் இடங்களுக்கு 540 லக்ஸும் கேட்கிறது. எங்கள் கொட்டில் ஏறத்தாழ 18 சதுர மீற்றர். லக்ஸ் என்பது ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை லூமன் வெளிச்சம் என்ற கணக்கு. பொது வெளிச்சத்துக்கு 215 என்று எடுத்து 18-ஐ அதால் பெருக்கினால் ஏறத்தாழ 3,900 லூமன். நீராவியும் பழைய மரச்சுவரும் பாதியைத் தின்னும் என்று வைத்து 8,000 லூமனுக்குப் போனோம். அதாவது 4,000 லூமன் லைற் இரண்டு, ஒவ்வொன்றும் 40 வாற்ஸ் அளவில். இதற்குமேல் பொது வெளிச்சம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மிகவும் குறைக்கவும் கூடாது. விறகு போட அடுப்புக் கதவைப் பத்து நிமிடத்துக்கொருமுறை திறக்கும்போது உள்ளே தகதகவென்று எரியும் நெருப்பு கண்ணில் அடிக்கும். கொட்டில் இருட்டாக இருந்தால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. கொதிக்கிற தட்டுக்குப் பக்கத்தில் அப்படி நிற்பது நல்லதல்ல.

லைற்றுக்குச் செலவழிப்பதற்கு முதல் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற் வாங்குங்கள். புகையில் கறுத்த மரம் வெளிச்சத்தை விழுங்கிவிடும், வெள்ளைச் சுவர் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். கழுவக்கூடிய, கொஞ்சம் மினுக்கமான வகையைச் சுவர்களுக்கு அடித்தோம். அடுப்பைச் சுற்றிச் சூடு தாங்கும் தகடு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டோம். பழைய மரத்தின் அழகு போய்விட்டது என்று இவருக்குக் கொஞ்சக் கவலை. எனக்கு இல்லை.

இனி முன்தட்டு. முழு வேலையிலும் நெஞ்சு படபடக்கிற இடம் இது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை மேலே போனால் சிரப் ஆயிற்று. அது ஏறத்தாழ 104 பாகை, காற்றழுத்தத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும். அந்தப் பாகைக்கு அருகில் வந்ததும் எல்லாம் வேகமாக நடக்கும். பெரிய குமிழிகள் சிறுத்து, நெருங்கி, தங்க நிறத்தில் பொங்கத் தொடங்கும். அதைப் பார்க்க வெளிச்சம் தட்டின் மேற்பரப்பை உரசிக்கொண்டு சரிவாக வரவேண்டும். நேர் மேலிருந்து வந்தால் பளபளப்பு மட்டும்தான் தெரியும். நாம் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறச் சுவரில், தட்டின் விளிம்பைவிட ஓரடி உயரத்தில், ஒடுக்கமான கதிர் விடுகிற சின்ன எல்ஈடி ஒன்றைப் பூட்டினோம். கண்ணில் அடிக்காமல் மேலே ஒரு தகட்டு மறைப்பு. ஒவ்வொரு குமிழியும் நிழலோடு தனித்தனியாகத் தெரிகிறது. ஆழமும் அப்படித்தான், தட்டின் உட்சுவரில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

அதே லைற் அகப்பைச் சோதனைக்கும் உதவுகிறது. அகப்பையை முக்கித் தூக்கிச் சரித்தால், ஆகாத பாகு துளித்துளியாக விழும். ஆன பாகு விளிம்பில் படலமாகத் தொங்கி அறுந்து விழும். அந்தப் படலத்தின் பின்னால் வெளிச்சம் இருந்தால் அது கண்ணாடித் துண்டு தொங்குவதுபோலத் தெளிவாகத் தெரியும். முன்னால் மட்டும் இருந்தால் தெரியவே தெரியாது. கருவிகள் இல்லாத காலத்தில் இந்தச் சோதனையை மட்டும் நம்பியே சிரப் இறக்கியிருக்கிறார்கள். இந்த மண்ணின் அனிஷினாபே, ஹோடெனொஷோனி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முதலே மேப்பிள் சாற்றிலிருந்து இனிப்புச் செய்தவர்கள். நாங்கள் இன்று செய்வதெல்லாம் அவர்களிடமிருந்து வந்ததுதான். இதைச் சொல்லாமல் மேப்பிளைப் பற்றி எழுதக் கூடாது.

ஹைட்ரோமீற்றர் வாசிப்பதற்கு இன்னொரு சின்ன ஏற்பாடு. சுடச்சுட சிரப்பை உயரமான குவளையில் ஊற்றி ஹைட்ரோமீற்றரை மிதக்கவிட்டு, சூட்டில் பார்க்கிற சிவப்புக் கோடு மேற்பரப்போடு ஒத்துப்போகிறதா என்று உடனே பார்க்கவேண்டும். ஆறினால் வாசிப்பு மாறிவிடும். கனடாவில் மேப்பிள் சிரப் குறைந்தது 66 பிறிக்ஸ், அதாவது ஏறத்தாழ 66 வீதம் சீனி, இருக்கவேண்டும். அதற்குக் கீழே இருந்தால் புளிக்கும், மிக அதிகமானால் போத்தலடியில் சீனிக்கட்டி உறையும். ஆகவே அந்தக் கோடு முக்கியம். மேசையின் பின்சுவரில், நிற்கும்போது கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் ஒரு சின்ன இறாக்கை அடித்து, அதன் பின்னால் வெள்ளைப் பலகை வைத்து, பலகையின் மேல்விளிம்பில் எல்ஈடிப் பட்டி ஒட்டினோம். குவளையை அந்த இறாக்கையில் வைத்தால் குனியவும் வேண்டாம், மூக்குக்கண்ணாடியை உயர்த்தவும் வேண்டாம். வயது போனவர்கள் இதன் அருமையை உடனே புரிந்துகொள்வார்கள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சிரப்பைத் தங்க நிறம், அம்பர், கடும் நிறம், மிகக் கடும் நிறம் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். எல்லாமே இப்போது 'ஏ' தரம்தான், பிரிப்பது நிறமும் சுவையும் மட்டுமே. பிரிக்கும் அளவு சும்மா கண்மதிப்பல்ல. 560 நனோமீற்றர் அலைநீள ஒளி எவ்வளவு ஊடுருவிப் போகிறது என்று அளக்கிறார்கள். 75 வீதமும் அதற்கு மேலும் போனால் தங்க நிறம், 50-க்கு மேல் அம்பர், 25-க்கு மேல் கடும் நிறம், அதற்குக் கீழே மிகக் கடும் நிறம். வீட்டில் அந்தக் கருவி இருக்காது. மாதிரி நிறப் போத்தல்கள் அடங்கிய பெட்டியை வைத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்போம். அங்கேதான் லைற்றின் நிறம் விளையாடும். 2,700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழே தங்க நிறச் சிரப்கூட அம்பர் மாதிரித் தெரியும். மலிவான நீலவெள்ளை எல்ஈடியில் சிவப்புச் சாயல் சரியாகத் தெரியாமல் சிரப் மங்கிப் பச்சையடித்த மாதிரி நிற்கும்.

இதற்காகப் பெட்டியில் இரண்டு எண்களைப் பார்க்கவேண்டும். ஒன்று வெளிச்சம் மஞ்சளா நீலவெள்ளையா என்று சொல்கிற கெல்வின், மற்றது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற சிஆர்ஐ. சுவர் லைற்றுகளுக்கு 4,000 கெல்வினும் 80 சிஆர்ஐயும் போதும். போத்தல் பார்க்கிற அந்த வெள்ளைப் பலகைப் பட்டிக்கு மட்டும் 5,000 கெல்வின், 90-க்கு மேல் சிஆர்ஐ வாங்குங்கள். ஒரு மீற்றர்தான் தேவை, விலை கொஞ்சம் கூடவென்றாலும் தாங்கும். தெளிவு பார்க்கவும் அதே பலகை போதும். காய்ச்சும்போது சாற்றிலுள்ள தாதுக்கள் பிரிந்து மணல் மாதிரிப் படியும், வடிகட்டல் சரியில்லை என்றால் அது சிரப்பில் கலங்கி நிற்கும். பின்வெளிச்சத்தில் அந்தக் கலங்கல் உடனே பிடிபடும். ஆனால் எனக்கு இரண்டு நிறத்துக்கு நடுவில் சந்தேகம் வந்தால் இரவில் முடிவெடுப்பதில்லை. ஒரு சின்னப் போத்தலில் எடுத்து வைத்து, காலையில் வடக்கு யன்னலில் பிடித்துப் பார்ப்பேன். பகல் வெளிச்சத்துக்கு ஈடான லைற்றை நான் இன்னும் காணவில்லை. மாதிரிப் பெட்டியையும் யன்னலோரத்தில் விட்டுவைக்காதீர்கள், அதன் நிறமும் வெளிச்சத்தில் வெளிறும்.

சரி, வாங்கும்போது ஏமாறுகிற இடங்களுக்கு வருவோம். ஐபி 65 என்று போட்டிருந்தால் தூசி புகாது, எந்தப் பக்கத்திலிருந்தும் பீச்சுகிற தண்ணீரும் புகாது. அது நல்லதுதான், அதற்குக் குறைந்து வாங்கவேண்டாம். ஆனால் அந்தச் சோதனை சாதாரணத் தண்ணீரை வைத்துச் செய்வது, நீராவிக்கு அது உத்தரவாதமில்லை. சூடான உயரழுத்தத் தண்ணீரைத் தாங்குகிற ஐபி 69 வகை இருக்கிறது, விலையும் பெரிது. வீட்டுக் கொட்டிலுக்கு அது தேவையில்லை. நீராவி போகும் பாதையிலிருந்து லைற்றைத் தள்ளி வைப்பதே மலிவான பாதுகாப்பு.

மூடிய லைற்றுக்குள்ளும் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பலருக்கு ஆச்சரியம். லைற் எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரக்காற்றைச் சின்ன இடுக்குகளால் உள்ளே இழுக்கும். வயர் நுழைகிற துளைதான் பெரும்பாலும் அந்த இடுக்கு. எலெக்ட்ரீசியன் தம்பி வயரை லைற்றின் மேற்புறத்தால் கொண்டுவர மறுத்துவிட்டார். கீழ்ப்பக்கத்தால், இறுக்கிப் பூட்டும் ரப்பர்த் தொண்டைக்குள்ளால், நுழைவதற்கு முதல் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுவந்தார். வயரில் ஓடி வருகிற துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், லைற்றுக்குள் போகாது. இதற்குக் காசு செலவில்லை, கவனம் மட்டும்தான்.

கனடாவில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். லைற்றில் சிஎஸ்ஏ போன்ற, இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட முத்திரை இருக்கவேண்டும். அதோடு ஈரப்பதமான இடத்துக்கா, நேரடியாக நனையும் இடத்துக்கா என்றும் எழுதியிருக்கும். கூரை சொட்டுகிற கொட்டிலுக்கு நனையும் இடத்துக்கானதை எடுங்கள். முத்திரை இல்லாததை இணையத்தில் பாதி விலைக்கு விற்பார்கள். விறகடுப்பு எரிகிற ஒரு மரக்கொட்டிலில் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள என்னால் முடியாது.

கரண்ட் கொண்டுபோவது வீட்டுக்கும் கொட்டிலுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. எங்களுக்கு ஏறத்தாழ 40 மீற்றர். நிலத்தைக் கிண்டுவதற்கு முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவித்து, நிலத்தடியில் காஸ், கரண்ட் குழாய்கள் எங்கே போகின்றன என்று குறித்துத் தரச் சொல்லவேண்டும். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. இந்த மாகாணத்தில் வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யலாம், ஆனால் மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்துச் சோதனைக்கு விடவேண்டும். ஆளைப் பிடிப்பதென்றால் லைசன்ஸ் உள்ள ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும். நாங்கள் ஆளைப் பிடித்தோம். கொட்டிலுக்குள் வயர் எல்லாம் பிளாஸ்ரிக் குழாய்க்குள் போகிறது. ஈரத்துக்கு மட்டுமல்ல, கோடையில் ஆளில்லாத கொட்டிலில் எலி வயரைக் கடிக்கும். பிளக் எல்லாவற்றுக்கும் கசிவு வந்தால் உடனே அணைகிற பாதுகாப்பு இருக்கவேண்டும். ஈரக்கை, ஈரநிலம், இரும்பு அடுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

கரண்டே இல்லாத இடம் என்றால்? எங்கள் றோட்டில் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு முதியவர் காட்டுக்குள் கொட்டில் வைத்திருக்கிறார். 12 வோல்ற் பற்றரி ஒன்றும் எல்ஈடிப் பட்டிகளும்தான் அவருக்கு. கணக்கு நல்லாய் இருக்கிறது. 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாவிக்கவேண்டும், அது 600 வாற் மணி. 20 வாற்ஸ் லைற் என்றால் 30 மணி நேரம். குளிரில் பற்றரி அவ்வளவு தராது, 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பற்றரியை வெறுமையாக்கிக் குளிரில் விட்டால் உள்ளே உறைந்து வெடிக்கும், அதனால் அவர் ஒவ்வொரு இரவும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். பாரம் குறைந்த லித்தியம் பற்றரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது, அது பழுதாகிவிடும். வீட்டுக்குள் சார்ஜ் பண்ணிக் கொண்டுவருவதென்றால் பரவாயில்லை.

வீட்டில் பற்றரியை வைத்துக் கொட்டிலுக்கு 12 வோல்ற்றை நீள வயரில் இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சாதாரண 14 கேஜ் செப்பு வயரில் 40 மீற்றருக்கு 60 வாற்ஸை 12 வோல்ற்றில் அனுப்பினால், வழியிலேயே 3 வோல்ற்றுக்கு மேல் போய்விடும், கால்பங்கு நட்டம். அதே வயரில் 120 வோல்ற்றில் அனுப்பினால் இழப்பு அரை வோல்ற்கூட இல்லை. 12 வோல்ற் என்றால் காய்ச்சுகிற நேரத்தில் பற்றரி கொட்டிலிலேயே இருக்கட்டும்.

கரண்ட் உள்ளவர்களும் பற்றரி லைற்றை மறக்கக் கூடாது. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மார்ச் மாத ஈரப்பனி கொப்பை முறித்து வயரில் போட்டால் கரண்ட் போகும். விறகடுப்புக்கு அது தெரியாது, அது எரிந்துகொண்டே இருக்கும், தட்டு வற்றிக்கொண்டே போகும். சாற்றை மேலே அனுப்புகிற மின்பம்பி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் நின்றுவிடும். இருட்டுக்குள் நீராவிக்கு நடுவில் வாளியால் சாறு ஊற்றித் தட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். கட்டிடங்களில் கரண்ட் போனால் தானாக எரிகிற அவசர லைற் இருக்கிறதே, அதில் ஒன்றை முன்தட்டைப் பார்த்தபடி பூட்டியிருக்கிறோம். பருவம் தொடங்குவதற்கு முதல் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பேன். நெற்றி லைற்றும் ஆணியில் தொங்குகிறது. ஆனால் நீராவிக்குள் அதை நெற்றியில் கட்டினால் கண்ணுக்கு முன்னாலுள்ள நீராவிதான் வெளிச்சமாகும். கையில் எடுத்து இடுப்புக்குக் கீழே பிடித்தால் தட்டு தெரியும்.

வெளியே அதிகம் வேண்டாம். வாளியோடு நடக்கிற பாதை பகலில் உருகி இரவில் கண்ணாடிபோல உறைந்துவிடும். அங்கே தாழ்வாக, நிலத்தை மட்டும் பார்க்கிற சின்ன லைற்றுகள் போதும், பனி வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரிகிற வகையைச் சாறு தாங்கிக்குப் பக்கத்தில் போடவேண்டாம். இரண்டு கையிலும் வாளியைப் பிடித்து அசையாமல் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அது அணைந்துவிடும். அங்கே சாதாரணச் சுவிச்தான் நல்லது. வெளி லைற்றுகள் மஞ்சள் நிறமாக இருக்கட்டும். பருவக் கடைசியில் சூடான இரவுகளில் அந்துப்பூச்சிகள் பறக்கத் தொடங்கும், அவற்றுக்குச் சாறு என்றால் ஆசை. நீலவெள்ளை லைற் அவற்றை இன்னும் கூட்டிவரும், காலையில் வாளிக்குள் மிதக்கும்.

உள்ளே ஒரு மூலையில் மட்டும் நான் 2,700 கெல்வின் லைற் வைத்திருக்கிறேன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிச்சோடு. அது வாங்குக்கு மேலே. அடுப்பு எரிகிறது என்று முகட்டுக் கூண்டால் போகும் நீராவியைக் கண்டு அயலட்டையில் யாராவது வந்துவிடுவார்கள், பிள்ளைகளும் நித்திரைக்குப் போகாமல் வந்து குந்துவார்கள். சுடச்சுட ஒரு குட்டிக் கோப்பை சிரப் குடித்தபடி இருக்கிறவர்களுக்கு வேலை வெளிச்சம் தேவையில்லை. மூன்று வகை லைற்றுக்கும் தனித்தனிச் சுவிச் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். சுவர் லைற் ஒன்று, முன்தட்டும் மேசையும் ஒன்று, மூலை ஒன்று. எல்லாம் கதவுக்குப் பக்கத்தில், அடுப்புக்குத் தூரத்தில்.

பருவம் முடிந்ததும் லைற் மூடிகளைத் துடைக்கவேண்டும். கொதிக்கிற தட்டிலிருந்து தெறிக்கிற நுண்துளிகளில் சீனி இருக்கிறது. அது மூடியில் ஒட்டி, தூசியைப் பிடித்து, அடுத்த வருடம் வெளிச்சத்தைக் குறைக்கும், எறும்பையும் கூட்டிவரும். சுடுதண்ணீரும் துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமோ தின்னரோ பாவிக்காதீர்கள், பொலிகாபனேற் அதில் மெல்லிய கோடுகளாக வெடித்து மங்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பெப்ரவரியில் கடைக்கு ஓடினால் கிடைக்காது.